நீ சொன்ன ‘நம்ம’

இன்று காலை கும்மிடிப்பூண்டி ரயிலில் உன் குரலைக் கேட்டேன்.

பேசின் பிரிட்ஜில் ஏறி, லேடீஸ் பெட்டியில் வாசலை ஒட்டிய சீட்டில் உட்கார்ந்திருந்தேன். எதிரில் ஒரு காலேஜ் பெண், பக்கத்தில் அவள் தோழி. காதில் ஒன்றும் மாட்டாமல் போனைச் சத்தமாக வைத்து இரண்டு பேரும் ஏதோ பார்த்துக்கொண்டு வந்தார்கள். இவர்கள் படம் பார்க்க ஊரே கேட்கவேண்டுமா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். கொருக்குப்பேட்டை தாண்டும்போது அந்தப் போனுக்குள்ளிருந்து நீ சிரித்தாய். அது வேறு யார் சிரிப்பாகவும் இருக்க முடியாது. மூக்கில் ஆரம்பித்து, தொண்டைக்கு இறங்கி, இருமலில் போய் முடிகிற சிரிப்பு. அதற்கப்புறம், “நம்ம இன்னா பண்ணோம், மண்ண கொட்டி மேல கரி போட்டோம்” என்றாய்.

எட்டிப் பார்த்தேன். உன் பச்சைப் பட்டுப்புடவை தெரிந்தது. கம்பெனிகளின் பேராசையையும் கள்ளக்கணக்கையும் பற்றி எடுத்தார்களே, அந்த டாக்குமெண்டரி படம்தான். நாடு முழுக்க எத்தனையோ கம்பெனிகளைக் காட்டுகிறார்கள்; நடுவில் நம் கதை கொஞ்ச நேரம் வருகிறது. அதில் நீ வருகிறாய்.

“இந்தம்மாவப் பாரேன், திருடிட்டு எப்டி சிரிக்குது” என்றாள் அந்தப் பெண் தோழியிடம்.

எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். நெஞ்சு அடைக்கும், கண் கலங்கும் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. நீ ஏறுகிற திருவொற்றியூர் வந்தது. ஏறினவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன், பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அந்தப் பெண்ணிடம் எதுவும் பேசவில்லை. சொல்லவேண்டியதை ஏற்கெனவே ஓர் இடத்தில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அதை உனக்குத் தெரியப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன்.

உன் வாய்க்கு ‘எங்க’ என்ற வார்த்தை வராது. ‘அவங்க’ளும் வராது. எல்லாமே நம்ம. நம்ம ரயிலு, நம்ம டீக்கடை, நம்ம டாக்டரு. உன் புருஷனைக்கூட “நம்ம வூட்டுக்காரரு” என்பாய், பெட்டியே சிரிக்கும். “இன்னாமே, உன் வூட்டுக்காரர்ல நமக்கும் பங்கு குட்க்கறியா?” என்று நான் கேட்டால், “நீயே இஸ்துகினு போ. ஒரு வாரம் வெச்சி சோறு போடு, அப்பால தெரியும் சேதி” என்பாய். அவர் பாவம், கடலுக்குப் போகிற மனுஷன். தன்னை வைத்து ரயிலில் ஒரு கூட்டமே சிரிப்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது.

நான் அத்திப்பட்டு நிலக்கரி யார்டில் லாரி எடைமேடை வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் எந்த ஊர் என்று கேட்டார்கள். வியாசர்பாடி என்றேன். வியாசர்பாடியில் எங்கே என்று கேட்டார்கள், சொன்னேன். சொன்னதும் ஒன்றிரண்டு டிபன் டப்பாக்கள் மெல்ல நகர்ந்தன. எனக்கு அது பழக்கம்தான், தலையைக் குனிந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டேன். நீ எழுந்து வந்து, என்னைக் கேட்காமலே என் தட்டில் ஒரு வஞ்சிர மீன் துண்டைப் போட்டாய். “நம்ம வூட்டுக்காரரு புட்ச்ச மீனு. துண்ணு” என்றாய். அன்றைக்கு உன் நம்மவில் என்னையும் சேர்த்துக்கொண்டாய். அதற்குப் பிறகு நீ என்னை வெளியே விட்டதே இல்லை.

கம்பெனியும் உனக்கு நம்ம கம்பெனிதான். துறைமுகத்தில் கப்பல் வந்து நின்றால், “நம்ம கப்பல் வந்துகீதுடி” என்று ரயிலில் இருக்கிறவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொல்வாய். அந்தக் கப்பலை நீ கிட்டப்போய்ப் பார்த்தது கிடையாது. அதில் வந்த நிலக்கரி லாரியில் யார்டுக்கு வரும்போதுதான் பார்ப்பாய். குவியல்களுக்கு நம்பர் பலகை நட்டுவைப்பதும், எந்தக் குவியலில் எது வந்தது, எது போனது என்று குறித்து வைப்பதும் உன் வேலை. ஸ்டாக் கிளார்க் என்று பேர், சம்பளம் என்னவோ கூட்டுகிறவளைவிடக் கொஞ்சம் அதிகம். ஆயுத பூஜைக்கு முதலாளி வருவார். ஏசி காரைவிட்டு இறங்கி, மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, “நாம எல்லாரும் ஒரே குடும்பம்” என்று பேசுவார். முதல் கைதட்டல் உன்னுடையது. அவருக்கு ஏதோ விருது கொடுத்த படம் பேப்பரில் வந்தபோது அதைக் கத்தரித்து ஷெட்டின் தகரத்தில் ஒட்டி, “நம்ம மொதலாளி இன்னா சோக்கா கீறாரு பாரு” என்றாய். “அந்தாளுக்கு உன் பேரு தெரியுமாமே?” என்று கேட்டேன். “அவுருக்கு ஆயிரம் ஜோலி” என்று எனக்கே சமாதானம் சொன்னாய்.

வியாபாரம் ரொம்ப எளிது. வெளிநாட்டிலிருந்து கரி வரும். யார்டில் மலைமலையாகக் குவிப்போம். அந்த மலையைக் காட்டி வங்கியில் கடன் வாங்குவார்கள். கரியை விற்றால் கடனைக் கட்டவேண்டும். கரி விற்றுக்கொண்டே இருந்தது, கடனை மட்டும் கட்டவில்லை. அந்தப் பணமெல்லாம் எங்கே போனது என்று படத்தில் காட்டுகிறார்கள். வெளிநாட்டில் வீடு, பொண்டாட்டி பேரில் கம்பெனி, மச்சான் பேரில் கம்பெனி, பந்தயக் குதிரைகூட இருக்கிறது. நமக்கு அப்போது இதெல்லாம் தெரியாது. மலை குறைந்தாலும் குறைந்ததாகத் தெரியக்கூடாது என்பது மட்டும்தான் தெரியும்.

வங்கியிலிருந்து பார்வையிட வருகிறார்கள் என்றால், அதற்கு முன்பு மானேஜர் யார்டுக்கு வந்து நிற்பார். ஏரியில் அள்ளுகிற சவுடு மண் லாரிகளில் வந்து இறங்கும். அதை மலையாகக் குவித்து, மேலே ஒரு சாண் கனத்துக்குக் கரியைப் பரப்பி, தண்ணீர் தெளித்துத் தட்டிவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அசல் கரிமலை. அதன் உச்சியில் நம்பர் பலகை நடுவது நீ. இந்த வேலைக்குப் ‘புடவை கட்டுவது’ என்று பேர் வைத்ததும் நீதான். “இன்னிக்கு நாலாம் நம்பரு பொம்பளைக்குப் பொடவ கட்றாங்கோ” என்பாய். அந்தப் பேர் யார்டு முழுக்கப் பரவி, கடைசியில் மானேஜரே, “புடவை கட்டியாச்சா?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

மண் லாரி என் எடைமேடை மேல்தான் ஏறி இறங்கும். “கரின்னு போடும்மா” என்பார் மானேஜர். கரி என்று சீட்டு அடித்துக் கொடுப்பேன். தப்பு என்று தெரியாதா என்று பின்னால் எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். தெரியும். நமக்குச் சம்பளம் போடுகிறவர்கள் செய்யச் சொல்கிறார்கள், பார்க்க வருகிறவர்கள் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்கள், நடுவில் நமக்கென்ன என்று இருந்தோம். அப்போது எனக்கு அது உறுத்தவில்லை, இப்போதும் பெரிதாக உறுத்தவில்லை. உனக்கும் எனக்கும் நடுவில் எதற்குப் பொய்.

வந்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. காரிலிருந்து இறங்கி, ஷூவில் கரி ஒட்டாத தூரத்தில் நின்று, மலையை ஒரு பார்வை, டீ ஒரு கிளாஸ், கையெழுத்து. ஒரு கம்பியை எடுத்து ஒரு குத்துக் குத்தியிருந்தால் போதும், மண் வெளியே வந்திருக்கும். “குத்திப் பாக்க மாட்டாங்களாமே?” என்று நான் கேட்டேன். “கட்டின பொடவைய எவனாவது குத்துவானா? மருவாதி தெரிஞ்ச மன்ஷங்கமே” என்றாய். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த டீ மேலெல்லாம் தெறித்தது.

பிறகு அந்த மழை வந்தது. அந்த வருஷம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. எண்ணூர் பக்கம் ரோடெல்லாம் ஆறாக ஓடியது, யார்டு வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது. திறந்து உள்ளே போய்ப் பார்த்தால் புடவை எல்லாம் நழுவிக் கிடக்கிறது. கரி அடிவாரத்துக்கு வழிந்திருக்க, மலைச்சரிவெல்லாம் செம்மண் நிறம். திரும்பக் கட்டலாம் என்றால் லோடர் வண்டி சேற்றில் புதைந்து கிடந்தது. மெக்கானிக் வருகிறான், வருகிறான் என்று நாள் போயிற்று. அதற்குள் வெயில் அடித்தது. மண் என்றால் சும்மா இருக்குமா? புல் முளைத்துவிட்டது. நாலாம் நம்பர் மலை முழுக்கப் பச்சைப்பசேல் என்று, நடுநடுவே தும்பைச் செடி வேறு. பக்கத்து ஊர் ஆடுகள் வேலி சாய்ந்த வழியாக உள்ளே வந்து மேலே ஏறிவிட்டன.

அன்றைக்குப் பார்த்து, சொல்லாமல் கொள்ளாமல் வங்கியிலிருந்து ஒருவர் வந்தார். புதிதாக மாற்றலாகி வந்தவராம், சின்ன வயசு. உன் நம்பர் பலகைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளாடு நின்று நிதானமாக மென்றுகொண்டிருந்தது. அவர் அதையே பார்த்தார். மானேஜர் முகத்தில் ஈயாடவில்லை.

“இது நிலக்கரி ஸ்டாக்தானே?” என்றார் அவர்.

“ஆமா சார். இந்தோனேசியா கரி” என்றார் மானேஜர்.

நீ முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு என் தோளில் சாய்ந்துவிட்டாய். உன் உடம்பு குலுங்குவதில் நானும் குலுங்கினேன். “நம்ம கரில புல்லு மொள்ச்சிகீதுமே” என்று என் காதில் சொன்னாய். அவர் போனை எடுத்து ஆட்டைப் படம் பிடித்தார். அந்த ஆட்டுப் படம்தான் இப்போது படத்தின் ஆரம்பத்திலேயே வருகிறது, தெரியுமா? அந்த ஆட்டால்தான் கம்பெனி விழுந்தது என்று சொன்னால் வெளியாட்கள் நம்பமாட்டார்கள். ஆடு மேய்ந்த கொஞ்ச நாளிலேயே எல்லா யார்டையும் தோண்டிப் பார்த்தார்கள். முதலாளி வெளிநாட்டுக்குப் போய்விட்டார். நம் கேட்டுக்குச் சீல் வைத்தார்கள். அப்போதும் நீ, “நம்ம கம்பெனிய மூட்டாங்கோ” என்று சொல்லி அழுதாய். நான்தான் திட்டினேன், எவனோ தின்றதற்கு நீ ஏன் அழுகிறாய் என்று.

படம் எடுக்க வந்த கண்ணாடிக்காரப் பெண் நல்ல பெண்தான். நகரத்தின் அந்தக் கோடியிலிருந்து வந்தாலும் திமிர் கிடையாது, உன் வீட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். உன்னைக் கடற்கரைக் கல் மேல், படகுக்கு முன்னால் உட்காரவைக்க ஆசைப்பட்டாள். “அந்த வெயில்ல குந்தி பேசறதுக்கு நா இன்னா கருவாடா?” என்று கேட்டு, ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துவிட்டாய். வீட்டில் கட்டுகிற சாதாரணப் புடவையில் வந்தால் நன்றாக இருக்கும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். “இன்னாமா, ஒரே ஒரு வாட்டி படத்துல வர்றேன், கலீஜா வரச் சொல்றியே” என்றாய். மகள் கல்யாணத்துக்கு எடுத்த அந்தப் பச்சைப் பட்டோடுதான் நின்றாய். என்னையும் பேசச் சொன்னாள். எனக்குக் கேமராவைக் கண்டாலே ஆகாது, மாட்டேன் என்று கதவோரம் நின்றுகொண்டேன்.

“இதையெல்லாம் செய்தது யார்?” என்று கேட்டாள்.

“நம்மதான். வேற யாரு வந்து செய்வாங்கோ?” என்று சிரித்தாய்.

“யார் செய்யச் சொன்னது?”

“நம்ம மானேஜருதான். அவுரு பேரு வாணாம்மா, புள்ளகுட்டிக்காரரு.”

மானேஜரைச் சொன்ன இந்தக் கடைசி வரி படத்தில் இல்லை. பேர் வராத வரி எதற்கு என்று வெட்டிவிட்டார்களாம். அவர்கள் போன பிறகு உன்னைப் பிடித்துச் சண்டை போட்டேன். “ஏன்மே நம்ம நம்மன்ற? அவனுங்கோன்னு சொல்லிட்டுப் போயேன்” என்றேன். நீ யோசித்தாய். நீ யோசிப்பதே அபூர்வம். “இத்தினி வர்சம் துண்ண சோறுமே. அவனுங்கோன்னு சொல்ல வாய் வர்ல” என்றாய்.

படம் வெளியே வருமுன்பே நீ போய்விட்டாய். நெஞ்சுவலி என்று ஆட்டோவில் ஏற்றினார்கள். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி வரிசை, முன்னாலும் பின்னாலும் நகரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எனக்குப் போன் வந்தபோது துணி ஊறவைத்துக்கொண்டிருந்தேன். துவைத்து முடித்துக் காயப்போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். உன் வீட்டில் வந்தவர்களுக்கு டீ கொடுத்தேன், கிளாஸ் கழுவினேன். உன் காலைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. அழுகை இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று இருந்தேன். காரியம் முடிந்து பதினாறாம் நாள் சாப்பாடும் சாப்பிட்டாயிற்று, வரவில்லை.

அன்றையிலிருந்து அப்படியேதான் இருக்கிறேன். காட்டுப்பள்ளியில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை கிடைத்தது, போகிறேன், வருகிறேன். என் பையனுக்கு வேலை கிடைத்தது என்று ஸ்வீட் வாங்கிவந்தான், வாயில் போட்டுக்கொண்டு நல்லா இருக்கு என்றேன். சீரியலில் மாமியார் திட்டினாலே மூக்கைச் சிந்துகிறவள் நான், இப்போது அதையும் பார்க்கிறேன், கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் கிடையாது. பல் பிடுங்கும்போது ஊசி போடுவார்களே, கன்னம் நம்முடையதா இல்லையா என்று தெரியாமல் இருக்குமே, அப்படி இருந்தது உடம்பு முழுக்க.

படம் வந்தது. நீ பேசும்போது கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடுகிறது. ‘நாங்கள் மண்ணைக் கொட்டினோம், நாங்கள் மேலே கரி போட்டோம்’ என்று அதற்கு அர்த்தம் என்றான் என் பையன். முதலாளியின் வக்கீல்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். மேலே இருந்தவர்களுக்கு ஒன்றுமே தெரியாதாம். யார்டில் இருந்த ஸ்டாக் கிளார்க் மண் லாரிக்காரர்களோடு சேர்ந்துகொண்டு எல்லாவற்றையும் செய்துவிட்டாளாம், அவளே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொள்கிறாளாம். விசாரணை அதிகாரிகளிடம் இப்படி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மானேஜரும் அதேபோல் எழுதிக் கொடுத்திருக்கிறார். நீ பேர் சொல்ல வேண்டாம் என்றாயே, அந்தப் புள்ளகுட்டிக்காரர்தான். செத்தவள் வந்து மறுத்துப் பேசப் போகிறாளா என்ன.

உன் மகள் போன் செய்தாள். குப்பத்தில் தண்ணீர் பிடிக்கப் போனால்கூடப் பேசுகிறார்களாம், அவள் மாமியார் வீட்டில் ஜாடை பேசுகிறார்களாம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில், “அம்மா மெய்யாலுமே திருட்ச்சா ஆன்ட்டி?” என்று கேட்டாள். வளர்த்த பெண்ணே கேட்கிற நிலைமைக்கு உன் பேர் வந்துவிட்டது. அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இல்லடி என்றேன், போனை வைத்தேன். மறுநாள் எனக்குச் சாட்சி சொல்ல வரும்படி தாக்கீது வந்தது.

பாரிமுனைப் பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் அந்த விசாரணை அலுவலகம். அதிகாரி வடநாட்டுக்காரர், தமிழ் தெரியாது. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு வயசானவர், நெற்றியில் சின்னதாகத் திருநீறு, பொறுமையான ஆள். கம்ப்யூட்டரில் உன்னைப் போட்டுக் காட்டினார்கள். நீ சிரித்தாய், இருமினாய், நம்ம என்றாய்.

“இவர் ‘நாங்கள் செய்தோம்’ என்கிறாரே, அந்த ‘நாங்கள்’ யார் யார் என்று சார் கேட்கிறார்” என்றார் பெரியவர்.

“நாங்கன்னு அவ சொல்லவே இல்ல சார். நம்மன்னு சொல்றா.”

“ரெண்டும் ஒண்ணுதானேம்மா?”

“ஒண்ணு இல்ல சார். நாங்கன்னா உங்கள வுட்டுட்டு. நம்மன்னா நீங்களும் சேத்தி.”

பெரியவர் பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியாத விஷயமா? பிறந்ததிலிருந்து பேசுகிற தமிழ்தானே. அதிகாரியிடம் திரும்பி ஏதோ விளக்கினார், கையால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார், வட்டத்துக்கு வெளியே ஒரு விரலை வைத்துக் காட்டினார். அதிகாரி புருவத்தைச் சுருக்கிக்கொண்டே கேட்டார். “இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே வார்த்தைம்மா. என்னன்னு எழுதறது” என்றார் பெரியவர், சங்கடமாக.

அப்படியானால் அந்த நம்மவில் இருப்பவர்கள் யார் என்று அதிகாரி கேட்டார். நான் சொன்னேன். முதலாளி, மானேஜர், மண் ஓட்டினவர்கள், கரி பரப்பினவர்கள், எட்ட நின்று பார்த்து டீ குடித்துக் கையெழுத்துப் போட்ட வங்கிக்காரர்கள். “அவள படம் புட்ச்ச பொண்ணுகூட சேத்தி சார். தன் புருஷனையே நம்ம வூட்டுக்காரருன்னு சொன்னவ அவ. அவளுக்கு அல்லாரும் நம்மதான்” என்றேன். யார் உத்தரவில் மண் லாரி வந்தது, யார் புடவை கட்டியாச்சா என்று கேட்டது, எல்லாவற்றையும் பேரோடு சொன்னேன். நீ காப்பாற்றிய அந்தப் பேரையும் சொல்லிவிட்டேன். அதற்காக நீ என்மேல் கோபப்பட்டாலும் சரி.

அதிகாரி எழுதினதை ஒரு தடவை புரட்டிப் பார்த்தார். பிறகு என்னைக் காட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார். பெரியவர் அதை உடனே சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, தணிந்த குரலில், “அப்போ நீங்களும் அதுல சேர்த்தியான்னு கேக்கறார். யோசிச்சுச் சொல்லுங்கம்மா. நீங்க சாட்சியா வந்திருக்கீங்க, சாட்சியாவே திரும்பிப் போகலாம்” என்றார்.

யோசித்தேன். எடைமேடையில் சொன்னதை அடித்துக் கொடுத்தேன், வேறு எதுவும் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவரும் அப்படி எழுதிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தார். ஆனால் முதலாளி உன் நம்மவைவிட்டு வெளியே போயாயிற்று. மானேஜர் போயாயிற்று. டீ குடித்தவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். நானும் போய்விட்டால் அதில் மிச்சம் இருப்பது நீ ஒருத்திதான்.

“ஆமா சார். நானும் சேத்தி. மண் லாரிக்குக் கரின்னு சீட்டு அடிச்சது நான்” என்றேன்.

படித்துக் காட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து ஒரு கடையில் இரண்டு போண்டா சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். போன வாரம் மறுபடி ஒரு தாக்கீது வந்தது. இந்தத் தடவை சாட்சி என்று போடவில்லை. என் வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போனார், இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. கன்டெய்னர் யார்டில் இன்னும் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் வைத்திருக்கமாட்டார்கள். உன் விஷயத்தில் என்ன ஆகும் என்றும் தெரியாது. நான் சொன்னதை நம்புவார்களோ, இரண்டு பேரும் கூட்டு என்று எழுதுவார்களோ. நல்ல வக்கீலைப் பார் என்று பையன் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது உன் மகள் போன் செய்தாள். அவளுக்கு விஷயம் இன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது.

“இன்னா ஆன்ட்டி இது, உங்க பேரையும் சேத்துட்டாங்களாமே? இன்னாத்துக்கு ஆன்ட்டி அப்டி சொன்னீங்க? ஒண்ணுந் தெரியாதுன்னு சொல்லிட்டு வந்துர வேண்டியதுதானே?”

“அம்மாம் மண்ணையும் உங்கம்மா ஒருத்தியே தூக்கிக் கொட்னான்னா எழுதிக்கச் சொல்றது?” என்றேன்.

அவள் அழுகிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் அழுதாள், நான் காதிலிருந்து போனை எடுக்கவில்லை. அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “பயமா இல்லியா ஆன்ட்டி?” என்று கேட்டாள்.

“கீதுடி” என்றேன்.

சொன்ன பிறகுதான் கவனித்தேன். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே பயமாக இருந்தது. வாய் உலர்ந்து போயிருந்தது. நீ போனதிலிருந்து எனக்குள் எதுவுமே அசையாமல் கிடந்ததே, அதில் முதலில் வந்து சேர்ந்தது இந்தப் பயம்தான். வரட்டும் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். வேறு யாரிடமாவது சொன்னால் கிறுக்கி என்பார்கள். எனக்கு அது வேண்டியிருந்தது.

இப்போதும் இருக்கிறது. எழுத்தெல்லாம் கோணலாகப் போகிறது. பார்த்துப் படித்துக்கொள்.